நின்று எரிந்த மஞ்சள் விளக்கு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இருபத்தாறு வருடமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டிக்காரரைத் திட்டாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க வராது. திட்டுவதற்கான காரணத்தையும் அவர்களே வண்டியோடு கொண்டு வந்துவிடுவார்கள்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கிறதே, அது எரிந்த உடனே கொண்டு வந்து காட்டுகிற ஆளை இந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணிவிடலாம். பாலவனத்தத்துக்காரர் ஒருவர் அதன்மேல் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மறைத்துவிட்டு ஆறு மாதம் ஓட்டினார். இன்னொருவர் ஆயுத பூஜைக்கு அந்த இடத்தில் சந்தனத்தை அப்பி, அதை அப்படியே காயவிட்டுவிட்டார். பேட்டரி வயரைப் பத்து நிமிடம் கழற்றிவைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று கண்டுபிடித்து, அதையே வைத்தியம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் நோய் போய்விடும் என்று நினைக்கிற கூட்டம்.

பரளச்சி அமிர்தராஜ் அந்த ரகம் இல்லை. அவன் சொன்னால் கேட்கிறவன். சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் கேட்கிறவன். அதனால்தான் அவனைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அவனுடைய அப்பா ஊர் மாதா கோவிலில் மணி அடித்துக்கொண்டு, கொஞ்சம் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமையும் பார்த்தவர். அமிர்தராஜ் பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான். பிறகு டிரைவர். பிறகு ஆறு வருடம் சவுதியில் தண்ணி லாரி. திரும்பி வந்ததும் ஒரு பழைய வெள்ளை பெட்ரோல் காரை வாங்கி என்னிடம்தான் முதலில் கொண்டு வந்தான். "அண்ணே, இதுல இருக்க எல்லாத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்துருங்க. ஊர்ல ஆத்திர அவசரத்துக்கு இது ஒண்ணுதான் காரு" என்றான். மனைவி தெரசாள், மதுரையில் நர்சிங் படிக்கும் மகள் ஆன்சி, இந்தக் கார். அவன் வீட்டில் இவை மூன்றையும் பற்றித்தான் பேச்சு.

தினமும் விடியுமுன் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பான். ஆயில் கம்பியைத் துடைப்பதற்கென்று பழைய வேட்டித் துண்டு ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருப்பான். காருக்குள் பாட்டுப் போடமாட்டான், வருகிறவர்கள் பாதிப்பேர் நோயாளிகள் என்பதால். வாந்தி எடுக்க பிளாஸ்டிக் பை, சுடுதண்ணீர் ஃபிளாஸ்க், கழுத்துக்கு வைத்துக்கொள்ள தெரசாள் தைத்துக் கொடுத்த குட்டித் தலையணை எல்லாம் காரில் இருக்கும். ஓர் ஆஸ்பத்திரிக்கே அவ்வளவு முன்யோசனை வராது.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு முறை தப்புச் செய்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ரேணுகாதேவி என்கிற நிறைமாதக்காரியை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனபோது அந்த மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. வண்டியும் திணறியது. பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு எப்படி நிறுத்துவது என்று ஓட்டிக்கொண்டே போயிருக்கிறான். காரியாபட்டி தாண்டி வண்டி படுத்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பால் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்துவிட்டேன். "அந்த மஞ்ச விளக்கு எரிஞ்சா வண்டிய எடுக்கக் கூடாது. எடுத்தா நீ டிரைவரே இல்ல. புரியுதா?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே எடுக்க மாட்டேண்ணே" என்றான்.

அந்தக் கோபத்தில் நான் பாடத்தில் பாதியைத்தான் சொன்னேன். அந்த விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் இன்ஜினுக்கு உள்ளே கோளாறு, உடனே நிறுத்த வேண்டும். மினுக்காமல் நின்று எரிந்தால், வண்டியும் வழக்கம்போல ஓடினால், பெரும்பாலும் தலைபோகிற காரியம் இல்லை. பெட்ரோல் மூடி சரியாக மூடாமல் இருந்தால்கூட எரியும். நிதானமாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் காட்டிக்கொள்ளலாம். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. திட்டுகிற வேகத்தில் சொல்ல மறந்தேன், பிறகு சொல்லத் தோன்றவில்லை.

அமிர்தராஜின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி பால்சாமி வீடு. காட்டு வெள்ளாமை பார்க்கிற, அறுபது தாண்டிய சம்சாரி. அவர் மனைவி சந்தனம்மாளுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் மதுரையில் டயாலிசிஸ். மகன் கோயம்புத்தூரில் இருந்தான். ஒன்றரை வருடமாக வாரம் ரெண்டு தடவை, காலை ஐந்து மணிக்கு அந்த வெள்ளைக் கார்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த அம்மாளுக்கு நல்ல குசும்பு. காரில் ஏறி உட்கார்ந்ததும், "தம்பி, இன்னைக்கு விளக்கு ஒண்ணும் எரியலையே? நான் ரேணுகா மாதிரி பால் வண்டியிலெல்லாம் ஏற மாட்டேன்" என்பாராம். அமிர்தராஜ் வெட்கப்பட்டுச் சிரிப்பான்.

போன தைப்பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. "நல்ல நாளும் அதுவுமா ஊசியக் குத்திக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று சந்தனம்மாள் அன்றைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். பால்சாமி கெஞ்சிப் பார்த்தார், அமிர்தராஜும் சொல்லிப் பார்த்தான். பானைக்கு முன்னால் உட்கார்ந்தவரை எழுப்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்துவிட வேண்டும், தவறினால் உடம்பில் நீர் ஏறிவிடும் என்று டாக்டர் போனில் எச்சரித்திருந்தார். வியாழக்கிழமையே அந்த அம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது.

அதே வியாழக்கிழமைதான் பால்சாமி உளுந்து அடித்தார். எங்கள் பக்கத்தில் உளுந்து அடிப்பதற்குக் களமும் தேவையில்லை, மாடும் தேவையில்லை. பிடுங்கிய செடியைத் தார்ரோட்டில் விரித்துவிட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துப் பருப்பை உதிர்த்துக் கொடுத்துவிடும். பஸ் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவார். காரை மட்டும் ஏற்றாதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். காய்ந்த கொடி அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். அமிர்தராஜுக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்குப் பண்டிகை மயக்கத்தில் ரோட்டில் வண்டியே ஓடவில்லை. திருச்சுழியில் ஆளை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தவனைப் பால்சாமி கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, காலி வண்டிதான? அப்படியே நாலு தடவ ஏத்தி எறக்கிட்டுப் போப்பா. நாளைக்கு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பொழுதுக்குள்ள தூத்தி அள்ளிட்டா நிம்மதி."

இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. நாலு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை முன்னும் பின்னும் ஏற்றி இறக்கினான். சந்தனம்மாள் ரோட்டோரம் குடையைப் பிடித்துக்கொண்டு வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இங்கிட்டு, தம்பி! அந்த ஓரத்துல மிதிபடல!" என்று மேஸ்திரி வேலை பார்த்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அமிர்தராஜ் பாதியிலேயே நிறுத்திவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

"காசிராஜண்ணே, மஞ்ச விளக்கு எரியுதுண்ணே."

"எரியுதுல்ல? பெறகென்ன எங்கிட்டக் கேக்குற? எடுக்காத."

"வண்டி நல்லாத்தாண்ணே ஸ்டார்ட் ஆகுது. சத்தம்கூட மாறல. சந்தனம்மாக்காவக் கூட்டிட்டுப் போகணும். செவ்வாக்கெழம வேற போகல."

"போன தடவ காரியாபட்டில நின்னது மறந்துருச்சா? வேற வண்டியப் பாரு. நான் பத்து மணிக்கு மேல வந்து பாக்குறேன்."

"ஒரு டிரைவர் சொன்னான்னு பெட்ரோல் மூடியக்கூடத் தெறந்து மூடிப் பாத்துட்டேண்ணே..."

"சொன்னதக் கேளுப்பா" என்று போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கினேன். ஆமாம், தூங்கத்தான் செய்தேன்.

நின்று எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா? ஒரு கேள்வி. அரை நிமிடம் ஆகாது. புதிதாகத் தொழில் பழகுகிறவனுக்குக்கூட முதலில் சொல்லிக்கொடுக்கிற கேள்வி. நான் கேட்கவில்லை.

தை பிறந்து முதல் முகூர்த்த நாள் அது. அமிர்தராஜ் தெரிந்த டிரைவர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டிருக்கிறான். எல்லாக் காரும் கல்யாண வீட்டில். மூச்சும் பேச்சும் நன்றாக இருக்கும்போது ஆம்புலன்ஸ் எதற்கு என்று சந்தனம்மாளே மறுத்துவிட்டார். "பஸ்ஸுல போனா என்ன, நான் என்ன மகாராணியா? நீ மொகத்தத் தொங்கப் போடாத தம்பி" என்றாராம். அவரும் பால்சாமியும் பஸ்ஸுக்குப் புறப்பட, அமிர்தராஜும் கூடவே கிளம்பினான். காரில் இருந்த ஃபிளாஸ்க்கையும் அந்தக் குட்டித் தலையணையையும் எடுத்துக்கொண்டான். முதல் பஸ்ஸில் கல்யாணக் கூட்டம் படியில் தொங்கியது. சந்தனம்மாளுக்கு உட்கார இடம் கிடைப்பதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் இறங்கியபோது அவர் உதடு கறுத்திருந்தது. மதுரை பஸ் நிற்கிற இடத்துக்கு நாற்பது அடி நடக்க வேண்டும். "மூச்சு வாங்குது தம்பி, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று டீக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அமிர்தராஜ் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்து, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்றார்கள். அவர்களும் எவ்வளவோ போராடிப் பார்த்தார்கள். பத்து மணிக்கு, நான் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துகொண்டிருந்தபோது, போன் வந்தது. எடுத்தால் அமிர்தராஜ். அழுதான். நான் இந்தப் பக்கம் நின்று, "என்னப்பா, என்னப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்கேனரை எடுத்துக்கொண்டு பரளச்சிக்குப் போனேன். கார் வேப்பமரத்தடியில் அன்று நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஸ்கேனரைச் செருகினால் ஒரே ஒரு கோளாறுதான் காட்டியது. புகைக்குழாயில் பின்பக்கம் திருகியிருக்கும் சென்சார். போகிற புகை சுத்தமாக இருக்கிறதா என்று வேவு பார்ப்பதுதான் அதன் வேலை. அது செத்தாலும் வண்டி நிற்காது. மதுரை என்ன, மெட்ராசுக்கே போய்வரலாம்.

சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். சென்சாருக்குப் போகும் வயர் அறுந்து தொங்கியது. அறுந்த இடத்தில் காய்ந்த கொடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. பிய்த்து எடுத்து அமிர்தராஜ் கையில் கொடுத்தேன். அதில் உடையாத காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் நகத்தால் கீறினான். உள்ளே ஐந்தாறு உளுந்து.

"அண்ணே, இது பால்சாமி அண்ணாச்சி உளுந்து" என்றான். "அப்ப அன்னைக்கு வண்டிய எடுத்துருக்கலாமாண்ணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பால்சாமி வந்தார். தோளில் துண்டு, முகத்தில் நாலு நாள் தாடி. என் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அமிர்தராஜ் கொடியைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"என்ன கோளாறு தம்பி?" என்று கேட்டார் பால்சாமி.

நான் எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்குள் அமிர்தராஜ் பேசிவிட்டான். "இன்ஜின் போயிருச்சு அண்ணாச்சி. சுத்தமாப் போயிருச்சு. அன்னைக்கு எடுத்துருந்தா பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டோம்."

பால்சாமி என் பக்கம் திரும்பினார். "நெசந்தானா மெக்கானிக்கு?"

ஒர்க்‌ஷாப்பில் வண்டியில் இல்லாத கோளாறை இருப்பதாக நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அதில் எனக்கு ரொம்பத் திமிர் உண்டு. அந்த மனிதர் கண்ணைப் பார்த்தேன். நிஜத்தைச் சொன்னால் ரெண்டு விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குக் கார் மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது ஒன்று. வயரை அறுத்தது அவருடைய உளுந்து, ஏற்றச் சொன்னது அவருடைய வாய் என்பது இன்னொன்று.

"ஆமா அண்ணாச்சி, இன்ஜின் காலி" என்றேன்.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப எடுத்துருந்தாலும் போய்ச் சேந்துருக்க மாட்டோம்" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். "நடுக்காட்டுல நின்னு போயிருக்கும். பஸ் ஸ்டாண்டுன்னாலும் நாலு மனுசமக்க இருந்தாக." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளாக அவர் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை என்று தெரசாள் சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் சாப்பிட்டாராம்.

சொன்ன பொய்க்கு ஏற்றபடி நடக்க வேண்டுமே. சாவியைத் திருகினால் பூனை மாதிரி ஓடும் காரை, ஸ்டார்ட் செய்யாமலே என் வண்டியில் கயிறு போட்டுக் கட்டினோம். அமிர்தராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தான். மரத்தடிப் பள்ளத்தில் சக்கரம் பதிந்து நகர மறுத்தது. பால்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே நான் முதல் கியரைப் போட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் அந்த வயரை ஒட்ட எனக்குக் கால்மணி நேரம் ஆனது. சாவியைத் திருகியதும் விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது. இன்ஜின் சீராக ஓடியது. "எவ்வளவு நல்லா ஓடுது பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அமிர்தராஜ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

அந்தக் காரை அவன் ஊருக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. பாலவனத்தத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டான். இப்போது ஒரு நூல் மில்லுக்கு வேன் ஓட்டுகிறான். காலையில் பெண்களை ஏற்றி மில்லில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டு விடுகிற வேலை. பரளச்சியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் இப்போது அருப்புக்கோட்டையிலிருந்துதான் கார் வர வேண்டும்.

கதை அதோடு முடிந்திருந்தால் தேவலை. ஆனி மாதம் பால்சாமி ஏதோ வேலையாக பாலவனத்தம் போனவர் அந்த வெள்ளைக் கார் ஓடுவதைப் பார்த்துவிட்டார். நேரே என்னிடம் வந்தார்.

"அமிர்தராஜ் காரப் பாத்தேன். நல்லா ஓடுதே?"

"வேற இன்ஜின் போட்டேன் அண்ணாச்சி." ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்.

"அப்ப மாத்துனா ஓடும்" என்றார். "இம்புட்டுத்தானா? அத மார்கழிலயே மாத்திருந்தா எம்பொண்டாட்டி இருந்துருப்பா. காரு காருன்னு தொடச்சுக்கிட்டே இருந்தானே, உள்ள இன்ஜின் சாகுறது தெரியாமயா இருந்துச்சு அவனுக்கு?"

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு அமிர்தராஜோடு பேசுவதில்லை. ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு உசுரை எடுத்துவிட்டான் என்று கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். தெரசாள் தண்ணீர் பிடிக்கப் போனால் அவருடைய சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அமிர்தராஜைக் கூப்பிட்டு, "நான் போய் உள்ளதச் சொல்லிர்றேன்ப்பா" என்றேன்.

"வேண்டாண்ணே. அவுகளுக்கு எம்மேல கோவம் இருக்கட்டும். கோவத்தோட சாப்புடுறாக, தூங்குறாக, காட்டுக்குப் போறாக. அந்தக் கொடிய அவுக கையில குடுத்தா என்ன ஆவாகன்னு நெனச்சுப் பாருங்க" என்றான். அவன் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். போனில் நான் கேட்க மறந்த கேள்வியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தத் தைக்குப் பிறகு, விளக்கு எரிகிறது என்று யார் போன் செய்தாலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். வாய் பழகிவிட்டது. போன வாரம் காலை ஐந்து மணிக்கு அமிர்தராஜ் கூப்பிட்டான்.

"அண்ணே, மில்லு வேன்ல மஞ்ச விளக்கு எரியுது. பொம்பளப் பிள்ளைக ஏறப்போறாக. எடுக்கட்டுமா, வேண்டாமா?"

"நின்னு எரியுதா, விட்டு விட்டு எரியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் வேனில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்காண்ணே?"

"இருக்குப்பா" என்றேன். "மினுக்காம நின்னு எரிஞ்சா மெதுவா ஓட்டிட்டுப் போகலாம்."

வேன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கும் நின்னுதாண்ணே எரிஞ்சுச்சு" என்றான். பிறகு, "சரிண்ணே, நேரமாச்சு, போறேன்" என்று போனை வைத்துவிட்டான்.